எட்டு பன்னும் ஒரு சனிக்கிழமையும்

மார்ச் 2, சனி

சில்லு பத்து மணிக்கு வந்தாள். மூன்றரைக்கே, “எப்போப்பா கிளம்பலாம்?” சனிக்கிழமை ஆறு மணிவரை அவள் என்னுடையவள், கோர்ட்டே சொல்லியிருக்கிறது. சில்லுவிடம் கோர்ட் செல்லாது.

கடையில் வாங்கிய ஹாட் டாக் பன்னை ஒரு கடி கடித்து ஓரமாக வைத்தாள். “அங்க வீட்டிலேயே பண்ணுவாங்க. பஞ்சு மாதிரி இருக்கும்.”

யார் பண்ணுவாங்க? அவள் அம்மா முட்டை வேகவைத்தாலே அடிப்பிடிக்கும். அப்படியானால் நீச்சல்காரர்தான். என் முன்னாள் மனைவியின் இந்நாள் கணவர். பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். இப்போது பன் வேறு.

மார்ச் 3

பதினாறு வருடமாகப் பல் செட் செய்கிறேன். ஒரு மயிரிழை பிசகினாலும் வாய் ஒத்துக்கொள்ளாது. இந்தக் கைக்கு மாவு உருட்ட வராதா என்ன?

மார்ச் 5

வரவில்லை.

கொதிக்கிற பாலை ஈஸ்ட்டில் ஊற்றினேன். சூட்டில் ஈஸ்ட் செத்துப்போகும் என்பதைப் பிறகுதான் படித்தேன். எட்டு பன்னும் வைத்தது வைத்தபடி கிடந்தன. நான் செய்த பல் செட்டோடு யாராவது இதைக் கடித்தால் என் பிழைப்பு போயிற்று.

மார்ச் 7

இன்று பால் வெதுவெதுப்பு. மாவு எழும்பியது. ஆனால் கையெல்லாம் பிசுபிசு. கொஞ்சம் மைதா தூவினேன், இன்னும் கொஞ்சம், இன்னும்... பல் செட் செய்யும் லேபில் வரவேற்பில் இருக்கும் அக்காவிடம் ஒன்று கொடுத்தேன். டீயில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, ரஸ்க் நன்றாக வந்திருக்கிறது என்றார்.

மார்ச் 9, சனி

சில்லு பாதி சாப்பிட்டாள். “பரவாயில்லப்பா.” எட்டு வயதில் இவ்வளவு நாசூக்கு எதற்கு?

அவள் அம்மா போன் செய்தாள். ஏப்ரலிலிருந்து சனிக்கிழமை மூன்று மணிக்கு நீச்சல் வகுப்பாம். இரண்டு மணிக்கே அனுப்ப முடியுமா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

என்னத்த யோசிக்கிறது? வாரத்துல ஏழு நாள் இருக்கு, அந்தாளுக்கு என் சனிக்கிழமைதான் கிடைச்சுதா?

மார்ச் 12

சண்டை போடத்தான் நீச்சல்காரருக்குப் போன் செய்தேன். அவர் ஹலோ சொன்னதும் என் வாயிலிருந்து வந்தது: “பன் ஏன் கல்லாயிடுது?”

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரித்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அரைமணி நேரம் பொறுமையாகச் சொன்னார். “ஒட்டினா ஒட்டட்டும் சார். மைதா போடாதீங்க, கையில எண்ணெய் தடவிக்குங்க.” உருண்டையைத் தட்டி, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டி, மடிப்பைக் கிள்ளி ஒட்டி, ஒட்டிய பக்கம் கீழே வரும்படி வைக்க வேண்டுமாம். தட்டில் விரல்கடை இடைவெளி போதும். எழும்பும்போது ஒன்றையொன்று தொட வேண்டும், தொட்ட பக்கம்தான் மெத்தென்று இருக்கும்.

போனை வைக்கும் முன், “எங்கப்பா பல்லு செய்றவர்னு சில்லு குளத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டா, சார்” என்றார்.

மூன்று வருடம் பாடுபட்டு இந்த மனிதரை வெறுத்து வைத்திருந்தேன். அரைமணியில் கெடுத்துவிட்டார்.

மார்ச் 14

வந்துவிட்டது. விரலால் அழுத்தினேன், அமுங்கி மெல்ல எழுந்தது. நின்றபடியே மூன்று தின்றேன். காட்ட ஆளில்லை.

மார்ச் 16, சனி

மாவை நான் பிசைந்தேன், கொஞ்சம் அதிகமாகவே. சுருட்டியது சில்லு. நான்கு நேராக வந்தன. நான்கு முழங்கை மடக்கியதுபோல. சூட்டோடு வெண்ணெய் தடவி, பிய்த்து, சாஸேஜ் வைத்துக் கொடுத்தேன். கோணல் பன்களை எனக்குத் தள்ளிவிட்டு நேரானவற்றில் இரண்டைத் தின்றாள். மூன்றரை மணி வந்து போனதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

ஆறு மணிக்கு நீச்சல்காரர் வாசலில். ஒரு பன்னைக் கொடுத்தேன். மென்றுவிட்டு, தன்னுடையதைவிட மெத்தென்று இருக்கிறதே, பாலை எவ்வளவு குறைத்தீர்கள் என்று கேட்டார். குறைக்கவில்லை என்பதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மீந்த மாவை ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் சுட்டால் இன்னும் ருசி என்றார். சில்லு செருப்பைக் கழற்றிவிட்டாள்.

“நான் இருக்கேன். காலையில யாரு சுருட்டுவா?”

அவர் தள்ளி நின்று அவள் அம்மாவிடம் போனில் பேசினார். பிறகு என்னிடம் வந்து, ஏப்ரலிலிருந்து சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் தானே கொண்டுவந்து விடுவதாகவும், ஞாயிறு மாலை அழைத்துக்கொள்வதாகவும் சொன்னார். இரண்டு மணிக்கு அனுப்ப ஒப்புக்கொண்டேன். கோணல் பன்னில் இரண்டை அவருக்குக் கட்டிக்கொடுத்தேன்.

மாவுக்காகத்தான் தங்கியிருக்கிறாள். நான் கிளறவில்லை.

வீட்டில் ஒரே தலையணைதான். அவளிடம் கொடுத்திருக்கிறேன்.