கராஜ் பரணில் இருந்த இரண்டு பைகள்

ஹேர்னிங், டென்மார்க்,
07.06.2009

அன்புள்ள மகள் நிரோஜினிக்கு,

நீயும் மருமகன் துஷாந்தனும் சின்னவனும் பேர்த்தில் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. மனதில்தான் பெரிய அடி. ஞாயிறு தோறும் போனில் கதைக்கிறோம்தானே, பிறகேன் கடிதம் என்று நீ நினைப்பாய். போன இரண்டு ஞாயிறும் போனைக் கையில் எடுத்துவிட்டுச் சின்னவனுக்குப் பல் முளைத்த கதையோடு வைத்துவிட்டேன். வாயால் கேட்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

துணி ஆலையைப் பங்குனியில் மூடிவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று கராஜை ஒரு வேலைக்கூடமாக மாற்றத் தொடங்கினேன். நீ இருந்த காலத்தில் அது எப்படிக் கிடந்தது என்று நினைத்துப் பார், பழைய சைக்கிளும் டயரும் பெயின்ற் வாளியும் குவிந்து கார் விட இடமில்லாமல். இப்போது வந்து பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. ஆலைக் கிடங்கில் எறியவிருந்த, சாமான் அடுக்குகிற இரும்பு இறாக்கைகள் மூன்றைக் கேட்டு வாங்கி இடப்பக்கச் சுவரில் பூட்டினேன். நடுவில் ஒரு பெரிய வேலை மேசை. கராஜ் நிலம் தண்ணீர் ஓடுவதற்காகக் கதவுப்பக்கம் சரிவாகப் போட்டது, அதனால் மேசையின் நாலு காலும் நாலு அளவு. முதலில் நான் எல்லாக் காலையும் ஒரே அளவில் வெட்டிவிட்டு மேசை ஆடுது என்று நின்றேன். அந்தோனிதாசன் வந்து நீர்மட்டம் வைத்துப் பார்த்துச் சிரித்தார். அவர் கதவு யன்னல் செய்கிற தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்த மனிசன், எனக்கு ஒரு ஸ்குரூ நேராகப் பூட்டத் தெரியாது. அவர்தான் காலை அளந்து வெட்டித் தந்தார், மேசைக்குக் கீழே இழுத்துத் திறக்கிற ஆறு லாச்சி வைக்கலாம் என்று சொன்னதும் அவர்தான். சித்திரை முழுக்க வேலை முடிந்த கையோடு நேரே எங்கள் கராஜுக்கு வந்தார். அவர் ஏன் தன் வீட்டுக்குப் போகாமல் இங்கே வருகிறார் என்று எனக்குத் தெரியும், நானும் கேட்கவில்லை. அவருடைய மகன் ஜொனத்தன் உனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவன், 2006இல் இயக்கத்துக்கென்று வன்னிக்குப் போனவன். பங்குனிக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. தாய் செல்வமலர் போனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறாவாம். தகப்பனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது, அதனால் என்னோடு பலகை வெட்டினார். வாளை நிற்பாட்டினால் கதைக்க வேண்டி வரும் என்று இரண்டு பேரும் நிற்பாட்டாமல் வெட்டினோம்.

பிறகு வைகாசி பதினெட்டாம் திகதி வந்தது. அதைப் பற்றி நான் உனக்கு எழுதத் தேவையில்லை, நீயும் அங்கே அதே படங்களைத்தான் பார்த்திருப்பாய். எல்லாம் முடிந்துவிட்டது என்று டெனிஷ் செய்தியில் ஒரு பெண் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டுக் காலநிலைக்குப் போனாள். நான் ரிவிக்கு முன்னால் நின்றபடியே நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது, அம்மா வந்து என் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை வாங்கியபோதுதான் அது ஆறிப்போனது தெரிந்தது. சனிக்கிழமை காலை, அதாவது இருபத்திமூன்றாம் திகதி, கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று கராஜுக்குப் போனேன். நீளப் பலகைகளை வைக்கப் பரணை ஒதுக்குவோம் என்று ஏணி வைத்து ஏறினேன். நத்தார் மரப் பெட்டி, உன்னுடைய பழைய பனிச்சறுக்குக் கட்டை, எல்லாவற்றையும் இறக்கின பிறகு, கூரைச் சரிவுக்குள் ஆகக் கடைசியில், ஒரு பழைய போர்வையால் மூடி இரண்டு பைகள் இருந்தன. ஒன்று நீ ஜிம்னேசியம் என்கிற உயர்தரப் பள்ளிக்குக் கொண்டுபோன கறுப்பு முதுகுப்பை. மற்றது அம்மாவின் நீலப் பை.

பழைய உடுப்பாக்கும் என்று மேசையில் வைத்துத் திறந்தேன். உன் பையில் இரண்டு ரீசேட், ஒரு சோடி கன்வஸ் சப்பாத்து, பற்றரி கசிந்து துருப்பிடித்த ரோச் லைற், டெனிஷில் ஒரு முதலுதவிப் புத்தகம், கொழும்புக்கு ஒரு வழிப் பயணச்சீட்டு. திகதி 2000 மாசி 17. அம்மாவின் பையில் இரண்டு சேலை, பிளவுஸ், முழங்காலுக்குப் பூசுகிற களிம்பு, அவவின் பழைய பாஸ்போட். தொலைந்துவிட்டது என்று சொல்லிப் புதிது எடுத்தோமே, அதே பாஸ்போட். பிள்ளை, உண்மையை எழுதுகிறேன், முதலில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா, நீங்கள் இரண்டு பேரும் என்னை விட்டுப் போக இருந்தீர்கள் என்று நினைத்தேன். நான் என்ன குற்றம் செய்தேன் என்று ஒவ்வொரு வருடமாக எண்ணிப் பார்த்தேன். பிறகுதான் உன் பையின் முன் அறையில் ஒட்டியபடி ஒரு கடித உறை இருந்தது. மேலே அப்பாவுக்கு என்று உன் எழுத்து, வழியில் தபாலில் போட வைத்திருந்தாயாக்கும்.

நீ தமிழில் எழுதியிருந்தாய். எனக்கு ஒரு வாழ்த்து மட்டையைக்கூட டெனிஷில் எழுதுகிற பிள்ளை, இதை மட்டும் தமிழில் எழுதியிருந்தாய், ஏழெட்டு எழுத்துப் பிழையோடு. அப்பா நீங்கள் மேடையில கேட்டீங்கள் எங்கட வீடுகளில இருந்து ஆர் போகப் போறீங்கள் எண்டு, ஒருத்தரும் கை உயர்த்தேல்லை, எனக்கு வெக்கமாய் இருந்தது, அதுதான் நான் போறன், இனி நீங்கள் தலை நிமிந்து பேசலாம். இவ்வளவுதான். அந்தக் கூட்டம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாடசாலை மண்டபம், கார்த்திகை மாதம், நான்தான் கடைசிப் பேச்சு. அந்தக் கேள்விக்குப் பெரிய கைதட்டு. வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் அம்மாவிடம், பேச்சு எப்படி என்று கேட்டேன். பின் இருக்கையில் நீ இருந்தாய். அது எனக்கு இவ்வளவு நாளும் ஞாபகத்தில் இல்லை, பதினெட்டு வயதுப் பிள்ளை பின்னால் இருந்து கேட்டுக்கொண்டு வந்தது ஞாபகத்திலேயே இல்லை.

அம்மா சந்தையால் வந்து என்னைத் தேடிக் கராஜுக்கு வந்தா. மேசையில் இரண்டு பையையும் கண்டதும் கதவடியிலேயே நின்றா. நான் கேட்க முதல் அவவே ஒரு பெயின்ற் வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருந்து சொன்னா. உன் காற்சட்டை தோய்க்க எடுத்தபோது பயணச்சீட்டைக் கண்டதாகவும், உன்னிடம் ஒரு சொல்லும் கேட்காமல் திரும்ப வைத்ததாகவும் சொன்னா. அந்த வியாழக்கிழமை நீ பள்ளிக்கூடம் போவதுபோல வெளிக்கிட, அவ தான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்கு உடம்பு வருத்தம் என்று சொல்லிவிட்டு, உனக்கு முதலே போய் ஸ்டேசனில் மர வாங்கில் நீலப் பையோடு குந்தியிருந்தாவாம். பனி கொட்டிக்கொண்டிருந்ததாம். நீ அவவைக் கண்டதும் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று டெனிஷில் கேட்டாயாம். “நானும் வாறன். நீ போற இடத்தில சமைக்கவும் ஆள் வேணும்தானே, என்னையும் சேர்ப்பினம்” என்று அம்மா சொன்னாவாம். வைலை ஸ்டேசன் வரைக்கும் இரண்டு பேரும் ஒரு சொல்லும் கதைக்காமல் ரயிலில் போனீர்களாம். அங்கே கோபனேகன் ரயிலுக்கு மாறும்போது, வீங்கின முழங்காலோடு அம்மா முதலில் ஏறி, தன் பையையும் இழுத்து ஏற்றி, உன் பைக்கும் கை நீட்டினாவாம். நீ கீழே நின்று அவவைப் பார்த்தாயாம். கதவு மூடப்போகிற சத்தம் கேட்கத்தான் நீ அவவின் கையைப் பிடித்து இழுத்துப் பையோடு கீழே இறக்கினாயாம். பிறகு அந்த ரயில் மேடையில் இருந்து இரண்டு பேரும் அம்மா கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தைச் சாப்பிட்டீர்களாம், நீ அழுதுகொண்டே சாப்பிட்டாயாம்.

எனக்கு அன்று பின்னேர வேலை. நான் வீட்டுக்கு வரும்போது நீ நித்திரை என்று அம்மா சொன்னதாகத்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பேன். கராஜில் அம்மா இதைச் சொல்லச் சொல்லத்தான் அவவுடைய பாஸ்போட்டை நான் விரித்துப் பார்த்தேன், அது 1999 கார்த்திகையிலேயே முடிந்திருந்தது. “டிக்கட்டும் இல்லை, பாஸ்போட்டும் இல்லை, அவள் அதைக் கேட்கேல்லை” என்று அம்மா சொன்னா. அப்படியென்றால் அவளைப் பேய்க்காட்டி ஏமாற்றத்தான் போனாயா என்று நான் கேட்டேன். “பேய்க்காட்டேல்லை. அவள் ஏறியிருந்தால் கோபனேகன் மட்டும் போயிருப்பன். அங்கால என்ன செய்யிறதெண்டு யோசிக்கேல்லை” என்றா. பைகளை ஏன் அவிழ்க்கவில்லை என்றதற்கு, நீ திரும்பவும் வெளிக்கிட்டால் தானும் உடனே வெளிக்கிட வேண்டும், அதுதான் கட்டினபடி வைத்ததாம், உன் கலியாணத்துக்குப் பிறகுதான் அந்தப் பயம் போனது என்றா. கடித உறையை அவ திறக்கவில்லையாம், அது உங்களுக்கு எழுதினது என்றா.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கடைசியாகக் கேட்டேன். “சொல்லியிருந்தால் நீங்கள் அவளை மறிச்சிருப்பீங்களோ எண்டு எனக்குத் தெரியேல்லை” என்று சொன்னா. கோபமாகச் சொல்லவில்லை, கறிக்கு உப்புக் காணுமா என்று சொல்வதுபோலச் சொன்னா. பிள்ளை, இன்றைக்கு நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன், காலில் விழுந்தாவது மறித்திருப்பேன். ஆனால் 2000இல் இருந்த மகேந்திரராசாவைப் பற்றி என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. அதுதான் என்னை உடைத்துப் போட்டது. என் பக்கத்தில் முப்பது வருடம் படுத்தெழும்பின மனிசிக்கு என்னிலே அந்த நம்பிக்கை இருக்கவில்லை, அவ நினைத்ததும் சரி.

திங்கட்கிழமை அந்தோனிதாசன் லாச்சிக்கு இரும்புத் தண்டவாளம் வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு முன்னால் இதை மறைத்துக்கொண்டு ஆணி அடிக்க என்னால் முடியவில்லை. ஜொனத்தன் போகும்போது அவர் வீட்டு வாசலில் வைத்துக் கைகொடுத்து அனுப்பினவன் நான். என் மகளும் போக இருந்தாள், தாய் மறித்தாள், எனக்கே தெரியாது என்று சொன்னேன். அவர் ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்துவிட்டு, அந்தப் பாக்கைக் காட்டுங்கோ என்றார். உன் பையின் சிப்பைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பவும் மெதுவாகப் பூட்டினார். “ஜொனத்தன்ர பாக் பூட்டுப்படேல்லை அண்ணை. அவனால ஏலாமல் போச்சு. நான்தான் முழங்காலால அமத்திப் பூட்டிக் குடுத்தனான்” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். “நீங்கள் பிள்ளையளைக் கேட்டீங்கள், நான் குடுத்தன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார், தன் நீர்மட்டத்தையும் விட்டுவிட்டு.

ஒரு கிழமை வரவில்லை. நான் நீர்மட்டத்தைச் சாட்டாக வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். செல்வமலர் கதவைத் திறந்து என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டா. நான் குசினி மேசையில் இருந்து, காணாமல் போனவர்களைத் தேடுகிற செஞ்சிலுவைப் படிவத்தை டெனிஷில் நிரப்பிக் கொடுத்தேன். கடைசியாக எங்கே கண்டது, என்ன உடுப்பு, உடம்பில் என்ன அடையாளம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். வலது புருவத்தில் தழும்பு என்று செல்வமலர் உள்ளறையில் இருந்து சொன்னா, சைக்கிளால விழுந்தது, எட்டு வயசில என்று. இன்றுவரை எந்தச் செய்தியும் இல்லை. ஆனால் நேற்று அந்தோனிதாசன் தானாகவே கராஜுக்கு வந்து ஆறு லாச்சியையும் பூட்டி முடித்தார். எல்லாம் நன்றாக ஓடுகிறது. போகும்போது நாளைக்கும் வாறன் என்றார்.

இந்த மாதக் கடைசியில் இங்கே ஒரு அஞ்சலிக் கூட்டம் வைக்கிறார்கள், என்னைப் பேசக் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், காரணத்தையும் சொன்னேன். அவர்களில் ஒருவருக்குக் கோபம், மற்றவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். என்னைப் பற்றி என்ன கதைத்தாலும் கதைக்கட்டும்.

மகள், உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ நான் சொன்னதைக் கேட்ட பிள்ளை, அவ்வளவுதான். நீ தலை நிமிரச் சொன்னாய், எனக்கு இப்போது அது முடியாமல் இருக்கிறது, அதற்கும் நீ பொறுப்பில்லை. என்னை மன்னித்துக்கொள். மருமகனுக்கு இது தெரியாதென்றால் சொல்வதும் விடுவதும் உன் விருப்பம். வேலைக்குக் கார் ஓடும்போது இதை யோசித்துக்கொண்டு ஓடாதே. சின்னவனுக்குப் பல் முளைக்கும்போது காய்ச்சல் வரும், பயப்படாதே, தண்ணீர் நிறையக் கொடு. உங்கள் மூன்று பேருக்கும் ஒரு தீங்கும் அணுகாமல் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் நாள் தவறாமல் கும்பிடுகிறோம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த நாளைப் பற்றி நீயும் அம்மாவும் இந்த ஒன்பது வருடத்தில் ஒரு சொல்லும் கதைக்கவில்லை என்று அவ சொன்னா. நீ தன்னோடு கோபமாக்கும், தான் போக விடாமல் கெடுத்துவிட்டதாக நினைக்கிறாயாக்கும் என்று அவவுக்கு இன்னும் ஒரு பயம் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்குப் பதில் எழுத முதல் அம்மாவுக்குப் போன் எடு. புதன்கிழமை அவவுக்கு லீவு. நான் அந்த நேரம் கராஜுக்குள் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
க. மகேந்திரராசா