கம்பளிப் பட்டிகையால் கட்டிய ஓலை

நன்மை விளைக. ஆறு வற்றாத செந்துறை நாடு செழிக்க. நெல்லும் பருத்தியும் குறையாத களஞ்சியங்களுக்கு உரியவரும், முறை கேட்டு வந்தோரை வாயிலில் காக்க வைக்காதவருமான கோமகள் இளவெயினியார் திருமுன்னர், தூது வந்த அமைச்சன் நன்னாகன் சேந்தன் பனிவரை நாட்டிலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை.

யான் நலமே. யான் சிறைப்பட்டதாக எண்ணி, என்னை மீட்கத் தளபதி வல்லங்கிழார் அடிவாரத்தில் படை திரட்டுவதாக இங்கே செய்தி எட்டியது. என்னை எவரும் சிறைப்படுத்தவில்லை. கம்பளி நூற்கக் கற்றுக்கொண்டிருந்தேன். கோமகளார் சிரிப்பதாயின் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு இடுப்பு வலிக்கிறது.

இந்நாட்டார் உடன்படிக்கைக்கு முத்திரையை மட்டும் நம்புவதில்லை. பேச அமர்ந்த இருவரும் தத்தம் கையாலேயே ஆட்டு மயிரை நூற்று, இரு நூலையும் சேர்த்து இரு விரல் அகலத்தில் ஒரு பட்டிகை நெய்ய வேண்டும்; பிறர் கை பட்டால் செல்லாது. பருத்தி நாட்டில் பிறந்தவனுக்கு இது ஒரு பெரிய வித்தையா என்று எண்ணினேன். மயிரின் பிசுக்கும் நாற்றமும் பொறுக்காமல், வெந்நீரில் சீயக்காய் கலந்து, துணி துவைப்பது போல் அடித்துக் கசக்கினேன். அத்தனையும் இறுகி ஒரே கட்டியாயிற்று. என்னோடு பேச அமர்ந்த இந்நாட்டுத் தலைவர் மலைவேள் கடுங்கோனார் கண்ணில் நீர் வரச் சிரித்து, அமர்வதற்கு நல்ல மெத்தை என்று கூறி அதனை எடுத்துக்கொண்டார்.

அடுத்து நூற்றதில், பருத்திக்குக் கொடுக்கும் முறுக்கையே கொடுத்துவிட்டேன். நெய்த பட்டிகை சுருண்டு சுருண்டு போயிற்று. சினம் மூண்டு, நூல் திரிக்கும் தக்களியைப் பள்ளத்தில் வீசினேன். எடுத்துத் தருவார் எவரும் இல்லாமையால் யானே இறங்கித் தேடி எடுத்து, முறுக்கைத் தளர்த்தி மீண்டும் நூற்றேன்.

பட்டிகையின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை ஒரு முனையில் வேளின் இடுப்பிலும் மறுமுனையில் என் இடுப்பிலும் கட்டி, எதிரெதிரே அமர்ந்து நெய்வது இங்குள்ள வழக்கம். ஒருவர் கோபித்து எழுந்தால் இழையெல்லாம் குலைந்துவிடும். மேய்ச்சல் நிலம் பற்றிப் பேசும்போது இருமுறை எழப் பார்த்தேன், வேளும் ஒருமுறை எழப் பார்த்தார். குலைந்ததைச் சீர்ப்படுத்தும் பாட்டை எண்ணி இருவரும் அமர்ந்துவிட்டோம். நம் மந்தைகளுக்கு மேற்குச் சரிவு, நம் வணிகர்க்கு மலைவழி என்று அவ்வாறுதான் முடிவாயிற்று.

இவ்வோலையைச் சுற்றியிருப்பது அப்பட்டிகையே. கருநூல் வேள் நூற்றது. வெண்ணூலும் கோணல்களும் என்னுடையவை. முடிச்சைக் கையால் அவிழ்த்தால் உடன்படிக்கை நிலைக்கும். இரும்பு பட்டால் முறிந்தது. நம் ஓலை மண்டபத்தார் கத்தியால் அறுத்துத் திறக்கும் வழக்கத்தை நினைத்து, இதனை ஏந்தி வரும் பூதனார் வாயிலிலேயே அவர்களைத் தடுக்குமாறு பணித்துள்ளேன்.

முடிச்சு அவிழ்ந்திருப்பின், பட்டிகையைத் தம் மணிக்கட்டில் அணிந்து, தளபதியைத் திரும்ப அழைத்தருள்க. ஒருவேளை கத்தி முந்தியிருப்பின், அறுத்தவரை ஒறுக்க வேண்டா. படையையும் ஏவ வேண்டா. இரு துண்டுகளையும் எனக்கே அனுப்புக. வேள் இன்னும் என் எதிரில்தான் அமர்ந்திருக்கிறார். மீண்டும் நூற்போம், இம்முறை வெந்நீர் வைக்க மாட்டேன்.

ஆட்டுப் பிசுக்குப் போகாத விரலால் முத்திரை இட்டேன். இவை சேந்தன் எழுத்து.