சிவப்பு வண்டியில் வந்த எழில்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

என் செல்ல மகன் இளம்பரிதிக்கு அம்மா ரங்கம்மாள் எழுதுவது. இங்கே நான், அப்பா, எழில் மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் தங்கச்சி எழில் பெயரை எடுத்தாலே “வேற பேசும்மா” என்கிறாய், அடுத்த நிமிஷம் லைன் கட்டாகிறது. அதனால்தான் எழுதுகிறேன். அஃப்ஸர் ஜஹான் அக்காவின் மருமகன் வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் படிக்கும்போது பதறாதே, எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்.

எழில் படிக்கிற குற்றவியல் படிப்பில் கடைசி வருஷம் ஆறு வாரம் போலீஸ், தீயணைப்பு மாதிரி இடங்களில் போய் இருந்து வேலையைப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். இன்டர்ன்ஷிப் என்று அவள் சொன்ன அன்றைக்கு நீ போனில் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். “பொட்டப் புள்ள ஸ்டேஷன் வாசல்ல நின்னா நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்” என்றாய். அவளும் சும்மா இல்லாமல் “உன்ன யாரு கேட்டா” என்று சொல்லிவிட்டாள். மூன்று மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நியாயம் யார் பக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், படி.

முதல் இரண்டு வாரம் வேலூரில் போலீஸ் கண்ட்ரோல் ரூம். அவசரம் என்று வருகிற போனையெல்லாம் எடுக்கிற இடம். காலையில் ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்து, கை கழுவக்கூட இல்லாமல் கதை சொல்ல ஆரம்பிப்பாள். சத்துவாச்சாரியிலிருந்து ஒரு பெரியவர் தினமும் பதினொரு மணிக்குப் போன் போட்டு “டைம் இன்னாம்மா” என்று மட்டும் கேட்பாராம். அங்கே இருக்கிற ஏட்டம்மா ஒரு நாள்கூடச் சலிக்காமல் டைம் சொல்லி வைப்பார்களாம். ஒரு நாள் பதினொன்றரை ஆகியும் அந்தப் போன் வரவில்லை. எழில்தான் முதலில் கவனித்துச் சொன்னாளாம். ரோந்து வண்டியை அனுப்பிப் பார்த்தால் பெரியவர் போனில் சார்ஜ் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார், வந்த போலீஸ்காரரிடமே டைம் கேட்டிருக்கிறார். அப்பா சிரித்த சிரிப்பில் சாப்பாடு புரையேறிவிட்டது. அடுத்த இரண்டு வாரம் காட்பாடியில் ரயில்வே போலீஸோடு பிளாட்பாரத்தில் நின்றாள். முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்று அங்கே ஒரு பெண் காவலர் சொல்லிக்கொடுத்தாராம். அப்படிப் பார்த்ததில் பெங்களூர் ரயிலுக்கு நிற்கிற ஒரு பெண்ணின் காலில் வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு, தோளில் பள்ளிக்கூடப் பை. எழில் பக்கத்தில் போய் உட்கார்ந்து “சாப்ட்டியா” என்று மட்டும்தான் கேட்டாளாம். அந்தப் பெண் அழுதுவிட்டது. நெமிலிப் பக்கம், பத்தாவது படிக்கிறது, கல்யாணம் பேசி முடித்துவிட்டார்களென்று கிளம்பி வந்திருக்கிறது. குழந்தைகள் உதவி மையத்துக்காரர்களிடம் ஒப்படைக்கிற வரைக்கும் எழில் கையை விடவே இல்லையாம். கல்யாணம் நின்று, பெண் இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறதாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எழில் நான்கு தோசை சாப்பிட்டு அப்படியே படுத்துவிட்டாள்.

கடைசி இரண்டு வாரம் நம் ஊர்த் தீயணைப்பு நிலையம். நிலைய அலுவலர் நவநீதன் சார் கண்டிப்பானவர். வண்டியில் ஏறலாம், கயிறு கட்டின இடத்தைத் தாண்டக் கூடாது, எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று எழுதுவதுதான் உன் வேலை என்று சொல்லிவிட்டார். அங்கே பழைய ரிஜிஸ்டர்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். “தொட்டியில விஷவாயு தாக்கின கேஸ்ல ஒரு ஆள் மட்டும் செத்தது கம்மிம்மா. முதல் ஆள் விழுவான், தூக்கறேன்னு ரெண்டாவது ஆள் இறங்குவான், அவனைத் தூக்க மூணாவது ஆள். யாரையும் இறங்க விடக் கூடாது, மூடியையெல்லாம் தொறந்து காத்து போக வைக்கணும், அவ்ளோதான்.” சோறு தின்கிற நேரத்தில் என்ன பேச்சு இது என்று நான் திட்டினேன்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை. நான் வேலை செய்கிற தோல் தொழிற்சாலையில் கழிவுநீர்த் தொட்டி உனக்குத் தெரியுமே, பின்பக்கம் சுவரோரம். முதல் நாள் மழை, தோல் சவ்வெல்லாம் போய் அடைத்துக்கொண்டு பம்ப் நின்றுவிட்டது. பதினொரு மணி இருக்கும், முஜாஹித்தை இறங்கி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்களோடு வேலை செய்கிற இஷ்தியாக் அகமது பாயின் தம்பிதான் முஜாஹித், போன வருஷம்தான் கல்யாணமானது. முகத்தில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். ஏணியில் பாதி இறங்கினவன் சத்தமே போடாமல் கீழே சாய்ந்துவிட்டான். நானும் நந்தினியும், என்னோடு ஸ்பிரே செக்‌ஷனில் இருக்கிறாளே அந்தப் பெண், தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தோம். எங்கள் கண் எதிரில் இஷ்தியாக் பாய் ஓடி வந்து ஏணியில் காலை வைத்துவிட்டார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை இளம்பரிதி, பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். “உடு அக்கா, என் தம்பி உள்ள கீறான்” என்று கத்துகிறார், உதறுகிறார், அவர் முழங்கை என் வாயில் பட்டு உதடு கிழிந்துவிட்டது. “நீ இறங்கினா உங்க அம்மாக்கு ரெண்டு புள்ளையும் இல்ல பாய்” என்று நானும் கத்தினேன். நந்தினி அவர் காலைப் பிடித்தாள். இன்னும் நான்கு பேர் வந்து அவரைப் பின்னால் இழுத்தார்கள்.

ஆனால் உள்ளே ஆள் கிடக்கிறானே, எட்டிப் பார்த்தால் மார்பு வரைக்கும் சகதி, தலை மட்டும் சுவரில் சாய்ந்திருக்கிறது, வாய் லேசாக அசைகிறது. நந்தினி தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். மற்ற இரண்டு மூடியையும் கம்பி விட்டு நெம்பித் திறக்கச் சொன்னேன். காற்று, காற்று என்று எழில் சொன்னதே தலைக்குள் ஓடுகிறது. அப்போதுதான் தோன்றியது, நாங்கள் தோலுக்குச் சாயம் அடிக்கிற துப்பாக்கிக்குக் கம்ப்ரசரிலிருந்து காற்று வருகிற ரப்பர் பைப் இருக்கிறதே என்று. ஓடிப்போய்த் துப்பாக்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு பைப்பைச் சேர்த்து மாட்டி இழுத்து வந்து அவன் முகத்துக்குப் பக்கத்தில் இறக்கினோம். புஸ்ஸென்று காற்று அடிக்கிறது, அவன் தலைமுடி பறக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கி, இரண்டு இரண்டு பேராக மாறி மாறிப் பிடித்தோம்.

மணியடித்துக்கொண்டு சிவப்பு வண்டி உள்ளே நுழைந்தது. நாலு வீரர்கள் குதித்தார்கள், பின்னால் டிரைவர் பக்கத்திலிருந்து தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட்டோடு ஒரு பெண் இறங்கினாள், கையில் நோட்டு. நம் எழில். நம்ப மாட்டாய், நந்தினி போனில் விலாசம் சொல்லும்போதுகூட என் மகள் அந்த நிலையத்தில்தான் இருக்கிறாள் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ரத்தம் வழிகிற வாயோடு நான் நிற்கிறேன். ஒரே ஒரு பார்வை பார்த்தாள். ஓடி வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. கயிற்றுக்கு வெளியே நின்று வாட்ச்சைப் பார்த்து எழுத ஆரம்பித்துவிட்டாள். முதுகில் சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்குமாக இரண்டு வீரர்கள் இறங்கி, முஜாஹித்துக்குப் பட்டை மாட்டி, மேலிருந்தவர்கள் இழுத்துத் தூக்கினார்கள். தரையில் போட்டு மூச்சுக் கொடுத்தபோது அவன் இருமினான். அந்த இருமல் சத்தத்துக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட கூச்சல் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கும். நவநீதன் சார் ரப்பர் பைப்பைப் பார்த்து “இது யார் யோசனை” என்று கேட்டார், எல்லாரும் என்னைக் காட்டினார்கள். “காத்து போனதாலதான் ஆள் தாங்கினார்மா, மேலே நிறைய பேர் நிக்காம இருந்திருந்தா இன்னும் நல்லது” என்றார். பாராட்டும் திட்டும் சேர்த்து வாங்கினேன்.

சாயங்காலம் வீட்டில் அவளிடம் கேட்டேன், பெத்தவள் ரத்தத்தோடு நிற்கிறேன், கிட்டகூட வரலையேடி என்று. நோட்டைத் திறந்து காட்டினாள். 11.24, வண்டி சேர்ந்தது. உள்ளே ஒருவர். வெளியே முப்பத்தோரு பேர், யாரும் இறங்கவில்லை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், அதில் ஒருவர் அம்மா, நிற்கிறார். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அவள் அதற்குப் பிறகுதான் என் மடியில் விழுந்து அழுதாள்.

இதோடு முடியவில்லை. மறுநாள் தொழிற்சாலையில் பெர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, முஜாஹித் யாரும் சொல்லாமல் தானாகவே இறங்கினான் என்று எழுதி வைத்திருந்த காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். “உங்க பொண்ணு நோட்டுல மாஸ்க் இல்ல, பெல்ட் இல்லன்னு எழுதிக்கீதாமே, அதைக் கொஞ்சம் எடுத்துடச் சொல்லுங்க, பதினெட்டு வருஷ சர்வீஸ் உங்களுக்கு” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று காகிதத்தை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து எழிலிடம் சொன்னேன். “நான் பார்த்ததை நான் எடுக்க மாட்டேன்மா. ஆனா நீ எனக்காக எதுவும் செய்யாத, உன் வேலை, நீயே யோசிச்சுக்கோ” என்றாள். அப்பா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார், பிறகு “நாளைக்கு நானே கொண்டாந்து உடறேன், எங்க போறியோ சொல்லு” என்றார். மறுநாள் தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வந்தபோது கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். எனக்குப் பின்னால் இஷ்தியாக் பாய், நந்தினி, இன்னும் ஒன்பது பேர் அதையே சொன்னார்கள். தானாக இறங்கினான் என்ற காகிதத்தில் ஒரு கையெழுத்தும் விழவில்லை.

இப்போது தொட்டி மூடிகளுக்குப் பூட்டு போட்டாயிற்று, வாயு அளக்கிற மீட்டர் வந்திருக்கிறது, ஆள் இறங்குகிற வேலையே கிடையாது, வெளியிலிருந்து வண்டி வந்து உறிஞ்சி எடுக்கிறது. முஜாஹித்துக்கு ஆஸ்பத்திரிச் செலவை நிர்வாகமே ஏற்றுக்கொண்டது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் மனைவி மஹ்பூபி ஒரு பாத்திரம் நிறைய மக்கன்பேடா இனிப்பு கொண்டு வந்து எழில் வாயில் ஊட்டிவிட்டுத்தான் போனாள். என்னை மட்டும் ஸ்பிரே செக்‌ஷனிலிருந்து தூக்கிப் பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். தண்டனை என்று நினைக்கிறார்கள் போல, சாய நெடி இல்லாமல் எனக்குத் தலைவலியே போய்விட்டது. அப்பா ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார், இறங்க வேண்டிய இடம் தாண்டியும் ஆட்கள் கேட்கிறார்களாம். எழிலின் ரிப்போர்ட்டைக் கல்லூரியில் எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் தீயணைப்பு நிலைய அலுவலர் தேர்வு எழுதப் போகிறாளாம். காலையில் ஐந்து மணிக்கே மைதானத்தில் ஓடுகிறாள், கூட நானும் நடக்கிறேன், எனக்கு மூச்சு வாங்குகிறது.

இளம்பரிதி, நீ அவள் மேல் கோபத்தில் அப்படிப் பேசவில்லை, பயத்தில் பேசினாய் என்று பெத்தவளுக்குத் தெரியும். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அவள் நின்ற நிலையை நீ பார்த்திருந்தால் நீயும் கூச்சல் போட்டிருப்பாய். உன்னைப் பற்றி அவள் கேட்காத நாள் இல்லை. அண்ணன் சாப்ட்டுச்சா, அங்க வெயில் ஜாஸ்தியா என்று கேட்டுவிட்டு, நான் கேட்டதா சொல்லாத என்பாள். சொல்லிவிட்டேன்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பேரோடும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் நிறையக் குடி, உங்கள் சைட்டில் பள்ளத்திலோ தொட்டியிலோ யாராவது இறங்கச் சொன்னால், மீட்டர் வைத்துப் பார்க்காமல் இறங்காதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மேல் எழில் வீட்டில்தான் இருப்பாள். என் நம்பருக்கு வேண்டாம், அவள் நம்பருக்குப் போடு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
உன் அம்மா,
ரா. ரங்கம்மாள்