குசாகா பார்த்த முதுகுகள்

ஷிமோனோசெகி,
ஜூன் 16

அன்புத் தம்பி தோமோஜிக்கு,

அக்கா மிசாவோ எழுதுகிறேன். நலமாக இருக்கிறாயா? இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. துணி காயாமல் வீடு முழுக்க ஒரே வாடை. என் முழங்கால் வலியும் வழக்கம்போல வந்துவிட்டது.

நம் பேஸ்பால் அணியைக் களத்தில் நடத்திய பழைய மேனேஜர் குசாகா போன வியாழக்கிழமை காலமானார். செய்தியில் பார்த்திருப்பாய். மூன்று முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சனிக்கிழமை மைதான வாசலில் அவர் படத்தை வைத்திருந்தார்கள். பூ வைக்க மழையில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். அவருக்குப் பிடித்த டப்பா காபியைப் படத்துக்கு முன்னால் மலைபோல் குவித்திருந்தார்கள். மீன்கடை வாகுயி அங்கேயும் சண்டைக்கு நின்றான். “யோவ் கிழவா, கடைசி இன்னிங்ஸ்ல நல்லா அடிக்கிற பயலைப் போய் பந்தைச் சும்மா தட்டிவிடச் சொன்னியே, ஏன்யா? பதில் சொல்லாமலே போயிட்டியே!” என்று கத்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன்.

ஆறு வருடமாக நாம் இருவரும் வாய்திறக்காத விஷயத்தை இன்று எழுதிவிடுகிறேன். அந்த சீசனில் தொடர்ந்து பதினோரு ஆட்டம் தோற்றோம். கடைசி ஆட்டத்தில் மேளமும் வேண்டாம், நீ ஊதும் டிரம்பெட்டும் வேண்டாம் என்று ரசிகர் குழுத் தலைவனாக நீதான் சொன்னாய். ஆட்டம் முடிந்ததும் அவர் எப்போதும்போலத் தொப்பியைக் கழற்றி, நம் பக்கம் வந்து குனிந்து வணங்கினார். நீ கை காட்டினாய், நாம் எல்லோரும் திரும்பி நின்றோம். நானும்தான். உடம்பு முடியாமல் அவர் விலகப்போகிறார் என்று மறுநாள் பேப்பரில்தானே படித்தோம். அந்த வாரமே நீ ஊரை விட்டுப் போனாய்.

சனிக்கிழமை அவர் மனைவி, வந்த ஒவ்வொருவருக்கும் குனிந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. “அம்மா, அன்னிக்கு அவருக்கு முதுகைக் காட்டினவங்கள்ல நானும் ஒருத்தி. செய்யச் சொன்னது என் தம்பி” என்று சொல்லிவிட்டேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

அவர் என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று ஆட்டம் முடிந்து குசாகா வீட்டுக்கு வந்து, சோறு சாப்பிட்டபடியே சொன்னாராம்: “இன்னிக்குத்தான் ரசிகருங்க முதுகைப் பாத்தேன். சட்டைக்குச் சட்டை நம்ம டீம் பசங்க பேரு. அவ்ளோ கோவத்துலயும் ஒருத்தன்கூட அதைக் கழட்டலடி. நடுவுல நின்ன டிரம்பெட்காரன் முதுகுல என் பேரு இருந்துச்சு.”

தோமோஜி, அது நீதான். அடுத்த வருடம் டிவியில் ஆட்டம் ஓடும்போதெல்லாம், “அந்த டிரம்பெட்காரனைக் காணோமே” என்று கேட்பாராம். போன வருடமும் கேட்டாராம். இதைச் சொல்லும்போதுதான் அந்த அம்மா அழுதார்.

இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு பகல் ஒரு மணிக்கு மைதானத்தில் அவருக்கு அஞ்சலிக் கூட்டம். வாகுயியிடம் சொல்லி இரண்டு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். அங்கே யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. வந்து அவருக்கு உன் முகத்தைக் காட்டு, தம்பி. நானும் அதைப் பார்த்து ஆறு வருடம் ஆகிறது.

உன் அக்கா,
மிசாவோ