ஆறாவது தம்ளர்

ஆகஸ்ட் 24, 2009. திங்கள்

வெயில். பத்து மணிக்கே ஷட்டரில் கை வைக்க முடியவில்லை. மழை இல்லாவிட்டால் பட்டாசுக் கம்பெனிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பாத்திரக்கடைக்காரனுக்கு என்ன.

செய்ய வேண்டியது: குக்கர் கேஸ்கட் ஆர்டர். கவிதா கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு, துடைக்க. தங்கத்துக்கு போன்.

காலையில் ஒருத்தன். இஸ்திரி போட்ட சட்டை. மூணு மிக்ஸியை இறக்கச் சொன்னான், ஓட்டிக் காட்டச் சொன்னான். ஓட்டினேன். மாடல் நம்பரைச் செல்போனில் குறித்துக்கொண்டு, "நெட்ல கம்மியாக் கெடைக்குதாண்ணு பாத்துட்டு வாரேன் அண்ணாச்சி" என்கிறான், என் மூஞ்சிக்கு நேரே. "ஏலே, அப்ப அந்த நெட்டே ஒனக்கு ஓட்டிக் காட்டட்டும், போலே!" சொல்லிவிட்டேன். பின்னால் பில் போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி சரசு தலையில் அடித்துக்கொண்டாள்.

மதியம் தங்கமே போன் செய்தாள். கூடப் பிறந்தவள். அவள் மகள் கவிதாவுக்கு இந்த ஞாயிறு கல்யாணம். "அண்ணே, சீர்ச் சாமான் எல்லாம் கார்த்தி பெங்களூர்லருந்து கம்ப்யூட்டர்லயே ஆர்டர் போட்டுட்டான். கூரியர்ல வந்துருச்சு. நீங்க அலைய வேண்டாம்."

அலைய வேண்டாமாம்! தாய்மாமன் நான். முப்பது வருசமாகச் சிவகாசி பஜாரில் பாத்திரக்கடை. ஆடி மாசமே கவிதாவுக்கென்று நாற்பது உருப்படி தனியாக எடுத்து மாடியில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன, மாமன் செய்யமாட்டானா? மண்டபத்தில் சீரைப் பரப்பி வைப்பார்கள். பஜாரே வந்து நின்று பார்க்கும். நான் விளக்கு ஒன்றை வைத்துவிட்டு விருந்தாளி மாதிரி நிற்கவா?

சாப்பிடவில்லை.

25, செவ்வாய்

அனல் காற்று. பிரஷர் மாத்திரை ரெண்டு வேளை.

விஸ்வநத்தத்திலிருந்து ரெண்டு பொம்பளைகள், பட்டாசு வேலை, கையெல்லாம் மருந்துச் சாயம். இட்லிக் கொப்பரை ஒன்றுக்கு அரைமணி நேரம். தட்டித் தட்டிக் கேட்டார்கள். "சத்தம் கணீர்ங்குதுக்கா, இதையே எடு." இப்படித் தட்டிப் பார்க்க முடியுமா கம்ப்யூட்டரில்?

தங்கம் மகன் கார்த்திக்கு போன் போட்டு இதையே கேட்டேன். "படம் நல்லாப் பெருசாத் தெரியும் மாமா." படத்தில் வைத்துச் சோறு வடிடா என்று கட் பண்ணினேன்.

கேஸ்கட் ஆர்டர் மறந்துவிட்டது.

27, வியாழன்

இன்றும் அனல் காற்று.

பதினோரு மணிக்குத் தங்கம் ஆட்டோவில் வந்தாள். ரெண்டு அட்டைப்பெட்டி. "பேரு வெட்டித் தாங்கண்ணே."

என்ன நெஞ்சழுத்தம். பேர் வெட்டும் மெஷினுக்கு மேலே நானே எழுதி மாட்டின போர்டு: "வெளியில் வாங்கிய பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டப்பட மாட்டாது." பக்கத்தில் இன்னொன்று: "விற்ற சாமான் மாற்றித் தரப்பட மாட்டாது." முதல் போர்டை விரலால் காட்டினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னண்ணு வெட்ட?"

"கவிதாண்ணு மட்டும்."

"குடுக்கிறவுக பேரைத்தானே வெட்டுவாக. ஊர் வழக்கம் தெரியாதா ஒனக்கு? என் கடையில என்ன கொறச்சல்? எவனோ முகம் தெரியாதவங்கிட்ட வாங்கிட்டு வந்து..." கடையில் ஆள் இருந்தது. இருந்தும் கத்தினேன்.

நான் முடிக்கிறவரை நின்றாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"எங் கல்யாணத்துக்கு நீங்க போட்ட சாமான்ல கரண்டி வரைக்கும் ஆ.மு.ண்ணு ஒங்க பேரை வெட்டிருக்கீக. தண்ணி மோந்தா ஒங்க பேரு. கஞ்சி ஊத்துனா ஒங்க பேரு. எம் மாமியா தட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்கும். 'ஒங்க அண்ணன் வீட்டுலதான் நாங்க சாப்பிடுதோமோ'ங்கும். இருவத்தஞ்சு வருசம் கேட்டேண்ணே. எம் மகளாவது அவ பேர்ல தண்ணி குடிக்கட்டும். கம்ப்யூட்டருக்கு நம்ம யாருண்ணு தெரியாது. அதான் அங்கன வாங்குனோம்."

அழவில்லை. பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நன்றி கெட்டவள். ஆசையாகப் போட்டேன். கடை தொடங்கி நாலைந்து வருசம்கூட ஆகாத நேரம், கையைக் கடித்தது, இருந்தும் போட்டேன். பேர் வெட்டினால் குற்றமா? எல்லாரும்தான் வெட்டுகிறார்கள்.

அந்த மாமியாரை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் இப்படிப் பேசியது எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

28, வெள்ளி

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெட்ட உட்கார்ந்தேன்.

சாமான் நல்ல கனம். விளிம்பு சுத்தம். அதுதான் கூடுதல் எரிச்சல். தகரமாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கவிதா. கவிதா. கவிதா. சட்டி, தட்டு, தூக்குவாளி. கடைசியாக ஆறு தம்ளர், வரி போட்டது. ஆறாவதில் கவிதா என்று வெட்டின கையோடு அடியில் ஆ.மு. என்றும் வெட்டிவிட்டேன். நினைக்கவே இல்லை. கை தானாகப் போய்விட்டது.

தேய்த்துப் பார்த்தேன், போகாது. வரித் தம்ளர் கடையில் இருக்கிறது, இந்த மாதிரி வரி இல்லை. தங்கத்துக்கு போன் எடுத்தேன். வைத்துவிட்டேன். வேண்டுமென்றே வெட்டினேன் என்பாள். என்னை எனக்குத் தெரியும், நானே அவளாக இருந்தால் அப்படித்தான் சொல்வேன்.

தம்ளரை மேஜை டிராயரில் போட்டேன். அஞ்சை அடுக்கிப் பெட்டியை ஒட்டி அனுப்பியாயிற்று.

30, ஞாயிறு

கல்யாணம் நல்லபடி. மண்டபம் விருதுநகரில். மின்விசிறிக்கு அடியில் இடம் கிடைக்கவில்லை. சாம்பாரில் உப்பு. கவிதாவுக்கு மாலை போட்டேன், "மாமா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். குத்துவிளக்கு வைத்தேன். அதில் பேர் வெட்டவில்லை.

சீர் பரப்பினார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி எண்ணிக்கொண்டே வந்தாள். "பெட்டில ஆறு தம்ளர்ண்ணு போட்டிருக்கு. அஞ்சுல்ல இருக்கு?"

பஜார் இரும்புக்கடைக்காரர் எழுந்தே விட்டார். "கம்ப்யூட்டர்ல வாங்குனா இப்படித்தான். கையில தாய்மாமன் கடையை வச்சுக்கிட்டு! அண்ணாச்சி கடையில வாங்கிருந்தா இப்படி நடக்குமா?" நாலு பேர் ஆமா போட்டார்கள்.

ஒரு வாரமாக யாராவது இதைச் சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தேன். சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தங்கம் என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பிரித்தபோது எண்ணியிருப்பாளா? சும்மா பார்த்தாளா? பிறகு தம்ளர்களை நெருக்கி வைத்தாள்.

கார்த்தி பட்டு வேட்டியோடு வாசலில் நின்று, சாமான் அனுப்பின கம்பெனிக்கு போன் போட்டு இங்கிலீஷில் கத்தினான். திரும்பி வரும்போது சிரிப்பு. "மாமா, ஒரு கேள்வி கேக்கல. சாரி சொல்லி, வேற தம்ளர் அனுப்புறேன்னுட்டான்."

சாயங்காலம் கடைக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை எதற்குக் கடை என்று சரசு கேட்டாள். டிராயரைத் திறந்தேன், மூடினேன். எதிரே ரெண்டு போர்டும்.

முன்னப்பின்னத் தெரியாத ஒருத்தன், நான் ஒளித்து வைத்த தம்ளருக்கு சாரி சொல்லியிருக்கிறான்.