அப்பாவின் முதுகில் ஒன்பது நாள் வெயில்

என் அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம், வீடும் நலம், சமையலறைக் குழாய் மட்டும் பழையபடி சொட்டுகிறது. அப்பாவுக்குப் பின்கழுத்து கொஞ்சம் வெந்திருக்கிறது, ஒன்பது நாளாகக் குடை பிடிக்காமல் தபால் கொடுத்ததில் வந்தது, ஏன் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ எப்படி இருக்கிறாய், உன்னோடு மலையில் நடக்கும் அந்த இரண்டு பேரும் எப்படி இருக்கிறார்கள், உன் இடது கணுக்கால் எப்படி இருக்கிறது? இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நீ நெற்றியைச் சுருக்குவது எனக்குத் தெரிகிறது. உடனே அப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சண்டை பிடிக்காதே, முதலில் கடைசி வரைக்கும் படி. ஃபோனிலேயே சொல்லிவிடலாமே என்றுதான் அவரும் சொன்னார். ஃபோனில் பேசினால் நான் மூன்றாவது நிமிடத்தில் குரலை உயர்த்துவேன், நீ "சரிம்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாய், போன வருஷத்திலிருந்து நமக்குள் அப்படித்தானே ஓடிக்கொண்டிருக்கிறது. காகிதத்தில் கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன்.

உன் மாமா கடைக்குப் புதுப் பலகை மாட்டியிருக்கிறான், எழுத்து கோணல், சொன்னால் கோபம் வருகிறது. ஃபோன் ரிப்பேருக்கு வருகிறவர்களில் நாள் முழுக்க வெளியில் நிற்கிறவர்கள் நிறைய, படகுக்காரர், சாலை போடுகிறவர்கள், ஆடு வைத்திருக்கிறவர்கள், அவர்களெல்லாம் வெயிலிலேயே சார்ஜ் போட ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறார்களாம். அவன் மடக்கி வைக்கிற மாதிரி சின்ன சோலார் பேனல் நான்கு ரகம் வரவழைத்து, பையோடு வந்து என் மேஜையில் வைத்துவிட்டு, "அக்கா, நீ பாத்து நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, கண்ணை மூடிக்கிட்டு விக்கிறேன்" என்றான். மின்சார மீட்டர் சோதிக்கும் அறையில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும், எனக்குத் தலைகால் புரியவில்லை. சரியாக அன்றைக்குத்தான் உன் செய்தியும் வந்தது, அடுத்த மாதம் மறுபடி மலைக்குப் போகிறேன், மூன்று மாதம், "இந்த வருஷம் பேனல் கீனல் எதுவும் அனுப்பாதம்மா, ஃபோனை அணைச்சே வச்சுக்கிறேன்" என்று. படித்ததும் சுருக்கென்றது. அப்பாவிடம் காட்டி, திமிரைப் பார்த்தீர்களா என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பேசாமல் இருந்தாலே ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன வருஷம் நடந்ததை உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை, ஆனால் எழுதியே ஆக வேண்டும். நீ ஊற்றுகளைத் தேடிக் குறிக்கும் வேலைக்குப் போனபோது நானே சோதித்து, நானே கட்டி அனுப்பிய பேனல் அது. நான்கு நாள் உன் குரல் கேட்டது, பிறகு பதினோரு நாள் சத்தமே இல்லை. நான் உன் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து அங்கே இருந்த எல்லாரும் கேட்கக் கத்தினேன், பிறகு அவர்கள் உன்னை "அம்மா தேடுறாங்க" என்று பல நாள் கேலி செய்ததாகக் கேள்விப்பட்டேன். பன்னிரண்டாம் நாள் அடிவாரத்துக் கடையிலிருந்து நீ பேசினாய். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டேனா? இல்லை. பேனலை ஒழுங்காக வெயிலில் வைத்தாயா என்றுதான் கேட்டேன். வைத்தேன் என்றாய். வைத்திருந்தால் ஏன் சார்ஜ் ஏறவில்லை, நான் சோதித்துப் பார்த்ததல்லவா என்றேன். நீ "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு மாமா கடையில், தையல்காரம்மாவிடம், பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே கூட, என் பெண்ணுக்குப் படிப்பு இருக்கிறது, கவனம் போதாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆகவே இந்த முறை உன்னால் வேண்டாம் என்று சொல்லவே முடியாத மாதிரி ஒன்றைப் பொறுக்கி எடுக்கிறேன் என்று உட்கார்ந்தேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மேஜை, நான்கு பேனல், மாமா கடையிலிருந்து கண்ணாடி உடைந்த நான்கு பழைய ஃபோன், எவ்வளவு மின்சாரம் போகிறது என்று எண்ணில் காட்டும் விரல் நீள மீட்டர் நான்கு. தலையில் ஈரத்துண்டு. ஒரு நாள் ஃபோன்களையும் வெயிலிலேயே வைத்துவிட்டேன், தோசைக்கல் மாதிரி சுட்டு நான்கும் சார்ஜ் வாங்க மாட்டேன் என்று விட்டன, அதிலிருந்து ஃபோனுக்கு மட்டும் ஒரு அட்டைப்பெட்டி நிழல். பெட்டியின் மேல் அச்சடித்த அளவில் பாதிதான் எதுவும் தருகிறது, அது நான் எதிர்பார்த்ததுதான். கால் மணிக்கு ஒரு தடவை நான்கையும் சூரியன் பக்கம் திருப்பி வைத்து எண்ணை எழுதினேன். ஐந்து நாள் எழுதினேன். நான்கில் முதலிடம் எதற்கு தெரியுமா? போன வருஷம் உனக்கு அனுப்பிய அதே ரகத்துக்கு. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்காமல் எழுதுகிறேன், நான் சொன்னது சரி, தப்பு உன்மேல்தான் என்று மேஜையைத் தட்டினேன். அப்பா காப்பிக் கோப்பையோடு மாடிக்கு வந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவ மேஜையைத் தூக்கிக்கிட்டா மலை ஏறுறா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி, உங்கள் முதுகிலேயே கட்டி அனுப்புகிறேன், நீங்களும்தான் ஏழு மணி நேரம் வெயிலில் நடக்கிறீர்களே, அதிலும் இதுதான் ஜெயிக்கும் என்று தபால் பையின் வெளிப்பக்கம் அந்தப் பேனலை நான்கு மூலையிலும் தைத்தேன். குடை பிடித்தால் பேனலுக்கு நிழல் என்று குடையையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். மனுஷன் தெருவில் விளம்பரப் பலகை மாதிரி போனார். மாலையில் வந்தபோது ஃபோனில் நான்கு சதவிகிதம். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும், அப்படியே அதே வார்த்தை, நீங்கள் நிழலிலேயே நடந்திருப்பீர்கள், ஒழுங்காக வெயிலில் போகவில்லை என்றேன். அவருக்குக் கோபம் வருவது அபூர்வம், அன்றைக்கு வந்தது. "கழுத்து வெந்து வந்திருக்கேன், என்னைப் பாத்தா நிழல்ல நடந்தவன் மாதிரியா இருக்கு? நாளைக்கு நீயே கூட வா" என்றார்.

மறுநாள் நானும் பின்னாலேயே போனேன். பையில் மாட்டிய மீட்டரின் எண் தெரிகிற தூரத்தில், கையில் நோட்டோடு. தெருவில் எல்லாரும் என்ன இரண்டு பேரும் ஊர்வலம் என்று கேட்டார்கள். நல்ல வெயில், எண் நன்றாக நின்றது, எனக்குப் பெருமை. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி வரிசையாக மரங்கள், அதன் கீழே போனதும் எண் இறங்கிப் பூச்சியமானது, அது இயற்கைதான். மரங்களைத் தாண்டி மறுபடி வெயிலுக்கு வந்தோம். எண் ஏறவில்லை. பேருக்கு ஏதோ ஒரு துளி காட்டிவிட்டு அப்படியே நின்றது. பத்து வீடு தாண்டியும் அப்படியே. தகதகவென்று வெயில், பேனல் வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, மின்சாரம் வரவில்லை. என் கை தானாக நீண்டது, ஃபோன் வயரைக் கழற்றி, முனையைத் துடைத்து, மறுபடி மாட்ட. அப்பா திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தொடாதே. நான் தனியா வரும்போது என் முதுகுல இதை யார் கழற்றி மாட்டுவா?" என்றார்.

நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டேன் கண்ணு. சோதனை அறையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பழக்கம் அது, எண் இறங்கினால் மீட்டரைச் சந்தேகப்படாதே, முதலில் இணைப்பைக் கழற்றித் துடைத்து மாட்டு, இரண்டாவது வருகிற எண்ணை எழுது. முப்பத்தொரு வருஷம் செய்த கை. மாடியில் ஒவ்வொரு மேகம் போகும்போதும் இதைச் செய்திருக்கிறேன், செய்கிறோம் என்றுகூடத் தெரியாமல், எழுதியது எல்லாம் இரண்டாவது எண். நிழல் பட்டால் தூங்கிவிடுகிற பேனல் அது, யாராவது கழற்றி மாட்டினால்தான் எழுந்திருக்கும். போன வருஷம் நான் சோதித்தது பேனலை இல்லை, பேனலையும் என் கையையும் சேர்த்து. உனக்கு அனுப்பியபோது கையை இங்கேயே வைத்துக்கொண்டேன். நீ மரங்களுக்குள் நடந்திருப்பாய், முதுகில் என்ன நடக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்.

அப்பாவிடம் வாய் திறந்து, அவள் சரியாகத்தான் வைத்திருந்தாளோ என்று கேட்டேன். கடைசித் தபாலையும் கொடுத்துவிட்டு, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே அப்போதுதான் சொன்னார். ஐந்தாம் நாள் ஓடைப் பாறையில் நீ வழுக்கி விழுந்ததை, கணுக்கால் வீங்கி எழுந்திருக்க முடியாமல் போனதை, கூட வந்தவர்கள் மேலே போயிருந்தார்கள், ஃபோன் செத்துக் கிடந்தது, அவர்கள் திரும்பி வருகிற வரைக்கும் மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாய் என்பதை. "அம்மாகிட்ட சொல்லாதீங்க, தான் சோதிச்சதுன்னு நெனச்சு ஒடஞ்சு போயிடுவாங்க" என்று நீ சத்தியம் வாங்கியிருக்கிறாய். நான் ஊரெல்லாம் உன்னைக் கவனமில்லாதவள் என்று சொல்லிக்கொண்டு திரிந்த நாளெல்லாம் நீ என்னைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. துணி மடிக்கிற சாக்கில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். அப்பா வெளியே நின்று, சட்டை எல்லாம் மடிச்சாச்சா என்று நான்கு தடவை கேட்டார். பாவம், அவருக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அடுத்த நாளிலிருந்து மற்ற மூன்றையும் அவர் முதுகில் மாற்றி மாற்றி மூன்று மூன்று நாள் கட்டி அனுப்பினேன். முதல் இரண்டு நாளைக் கணக்கில் சேர்க்காமல் ஒன்பது நாள், குடை இல்லாமல். வயரை யாரும் தொடக்கூடாது என்று முனையில் துணி சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல் முடிச்சின் மேல் மெழுகும் ஊற்றினேன். மீட்டரை மட்டும் அவர் தோள் வழியாக முன்பக்கம் தொங்கவிட்டேன், அப்பா ஒவ்வொரு நிழலையும் தாண்டியதும் எண் ஏறுகிறதா என்று பார்த்து, சட்டைப்பையில் இருந்த சீட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேனல்கள் நிழலுக்குப் பிறகு தூங்கின. ஒன்று மட்டும், பச்சைத் துணி தைத்தது, நான்கிலும் கனமானது, மாடியில் மூன்றாவது இடம் வாங்கியது, வெயில் பட்டதும் தானாக எழுந்து வேலை பார்த்தது. மூன்று நாளில் எண்பத்தாறு நிழல், எண்பத்தாறு தடவையும். மூன்று நாளும் காலையில் செத்த ஃபோனோடு போய், மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது பாதிக்கு மேல் ஏறியிருந்தது. மாமாவிடம் இதை மட்டும் விற்கச் சொல்லிவிட்டேன். பார்க்க லட்சணமாக இல்லையே அக்கா என்றான், உன் கடைப் பலகையை விடவா என்றேன். தையல்காரம்மாவிடமும் பல் டாக்டரிடமும் போய், தப்பு என்னுடையது, என் பெண்மேல் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். டாக்டருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே நினைவில்லை, ஆனாலும் முழுக்கக் கேட்கவைத்துத்தான் விட்டேன்.

அந்தப் பச்சைப் பேனலை இதோடு அனுப்புகிறேன். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய், அதையும் மறக்கவில்லை. எடுத்துப் போவதும் போகாததும் உன் இஷ்டம், இந்த முறை நான் கேட்க மாட்டேன். எடுத்துப் போனால் ஃபோனை மட்டும் பையின் உள்ளே நிழலில் வை. ஏறுகிற முதல் சார்ஜில் எனக்குக் கூப்பிடாதே, உன்னோடு நடக்கிறவர்களைக் கூப்பிட அதை வைத்துக்கொள், விழுந்தால் அவர்கள்தான் வந்து தூக்க முடியும். எத்தனை நாள் சத்தம் இல்லாவிட்டாலும் உன் அலுவலகத்துக்கு ஃபோன் செய்ய மாட்டேன் என்று அப்பா முன்னால் சொல்லியிருக்கிறேன், அவர் என் கையெழுத்துக் கேட்டார், போடவில்லை, ஆனால் சொன்னால் சொன்னதுதான். பேனலோடு மடித்த தாள் ஒன்று இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதே. என் சோதனை நோட்டில் போன வருஷப் பக்கம் அது, "நல்லது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பக்கம். எங்கள் அறையில் ஒரு விதி உண்டு, தவறாகத் தேறின கருவி திரும்பி வந்தால் பழைய பக்கத்தைக் கிழிக்கக்கூடாது, குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, அடியில் ஒரு வரி எழுதித் தேதி போட வேண்டும். வேலையில் இருந்தபோது மற்றவர்கள் பக்கத்தில் அந்த வரியை நான்கு தடவை எழுதியிருக்கிறேன். என் பக்கத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை. "பிழை சோதித்தவருடையது. பயன்படுத்தியவருடையது அல்ல."

நீ நோய்நொடி இல்லாமல், கால் வழுக்காமல், நினைத்த ஊற்றையெல்லாம் கண்டுபிடித்து நல்லபடியாக இறங்கி வர வேண்டும். கணுக்காலுக்குக் கெட்டியான காலுறை போடு, இறங்கும்போது அவசரப்படாதே. அப்பா இந்தக் கடிதத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டு கிளம்ப நிற்கிறார், இன்றைக்குக் குடையோடு.

உன்னை நம்பாமல் போன,
இனி நம்பும்,
அம்மா