நீ சிரித்த காற்று

இடது முன்கையில் ஒரு வீக்கம். சிவந்து, தொட்டால் கெட்டியாக இருக்கிறது. அதைச் சுற்றி நர்ஸ் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருக்கிறார். சொறியக் கூடாதாம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அறைக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். ஜன்னல் வரை. கதவு வரை. நீ பாய் விரித்திருந்த மூலை வரை.

உன்னைக் கொண்டுபோன காசநோயின் கிருமி எனக்குள்ளும் இருக்கிறதா என்று பார்க்கப் போட்ட ஊசி இது. இருக்கிறது.

"எக்ஸ்ரே சுத்தமா கீது தம்பி. ஆனா கிருமி உள்ள வந்து தூங்கிக்கினு கீது," என்றார் நர்ஸ், வீக்கத்தின் மேல் ஸ்கேலை வைத்தபடி. "அது எழுந்துக்கறதுக்குள்ள மாத்திரைய ஆரம்பிச்சுடணும். இன்னிக்கே."

மாத்திரை அட்டை மேசைமேல் கிடக்கிறது. மதியமாகிவிட்டது. இன்னும் பிரிக்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் எல்லோரும் இருமுகிறார்கள். அதுதான் நம்மை ஏமாற்றியது. இரும்பை உருக்கி வார்க்கும் வார்ப்பட ஆலையில் நீ. சரக்குக் கிடங்கில், கணினி முன்னால் நான். ஷிஃப்ட் முடிந்து வரும்போது உன் சட்டைப்பையில் ஒரு வெல்லக்கட்டி இருக்கும். தொண்டைத் தூசு இறங்கட்டும் என்று ஆலையில் கொடுப்பது. பாதியைக் கடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டுவாய்.

"டாக்டராண்ட போய் காட்டுடா," என்றேன் ஒருநாள்.

"எங்க டிபார்ட்மென்ட்ல இருமாதவன் எவன்டா? நான் மட்டும் இருமலன்னு வையி, வேலையே செய்யலன்னு சூப்பர்வைசர் சொல்லுவான் மச்சி."

சிரித்தோம். ஜன்னல் மூடியிருந்தது. எப்போதும் மூடியே இருக்கும். திறந்தால் கரித்தூசு வந்து துவைத்த சட்டைகளில் படியும்.

நீ போன பிறகு இந்த நோயைப் பற்றிப் படித்துக்கொண்டே இருக்கிறேன். படிப்பதால் ஒன்றும் அடங்கவில்லை. வெல்லத்தில் அது பரவாது. காற்றில்தான். இருமினால், பேசினால், சிரித்தால் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக வெளியே வரும். மூடிய அறையில் வெகுநேரம் மிதக்கும். யாராவது மூச்சோடு இழுப்பார்கள்.

எந்தச் சிரிப்பு அது? உன் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்ததை நடித்துக் காட்டினாயே, அதுவா?

கொல்ல முடியாத கிருமியை உடல் சூழ்ந்துகொள்கிறது. வெள்ளையணுக்கள் நெருக்கி நின்று சுவராகின்றன. உள்ளே அது சாவதுமில்லை, பெருகுவதுமில்லை. என் சுவர் நிற்கிறது. உன் சுவர் இடிந்தது. ஆலைத் தூசு உன் நுரையீரலின் காவல் அணுக்களை ஏற்கெனவே நலிய வைத்திருக்கும் என்றார் டாக்டர். அந்தி நேரத்துக் காய்ச்சல், நனைந்த தலையணை, தொளதொளத்த கால்சட்டை. பெரும்பாலும் உன் உடல் போட்ட சண்டைதான் அதெல்லாம். சண்டை நடந்த இடமே குழியாகிவிட்டது.

சளியில் ரத்தம் பார்த்த பிறகுதான் போனாய். மாத்திரையை விழுங்கிய அன்றே கழிவறையிலிருந்து கத்தினாய்: "மச்சி, ஆரஞ்சு ஜூஸ் மாதிரி போவுதுடா!" சிறுநீரில் இறங்கிய மருந்தின் நிறம் அது. மருந்தில் ஒரு குறையும் இல்லை. காப்பாற்றுவதற்கு நுரையீரலில்தான் அதிகம் மிச்சமில்லை.

காரியம் முடிந்து உன் பையை எடுத்துப்போக, ஆர்.கே.பேட்டையிலிருந்து உன் அப்பா வந்தார். உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. வாசலிலேயே நின்று பையை வாங்கிக்கொண்டார். அப்போது பார்த்து எனக்கு இருமல் வந்தது.

"இன்னா நைனா, நீயும் இருமற?"

"ஒண்ணுமில்லப்பா. தூசு."

"அவனும் அதான் சொன்னான்."

அதற்குப் பிறகுதான் ஊசி போட்டுக்கொள்ளப் போனேன். அவருக்கும் போனில் சொன்னேன்.

ஏன் தயங்குகிறேன் என்று உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். உன்னிலிருந்து வந்து இன்னும் உயிரோடு இருப்பது இந்தக் கிருமி ஒன்றுதான். இந்த ஊர்க் காற்றில் எத்தனையோ பேர் மூச்சு விடுகிறார்கள், உன்னுடையதுதான் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எனக்கு உன்னுடையதுதான். நீ இருந்தால், "பேஜாரு பண்ணாத, முழுங்குடா," என்பாய். இல்லையே. அட்டையை எடுக்கிறேன். வைக்கிறேன். ஜன்னலைத் திறக்கிறேன்.

போன் அடித்தது. உன் அப்பா.

"ஊசி இன்னா சொல்லிச்சு?"

சொன்னேன்.

"மாத்திர?"

"குடுத்திருக்காங்கப்பா. போடறேன்."

"இப்பவே போடு. நான் லைன்ல கீறேன்."

அவர் பக்கம் எங்கோ நெல் வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அட்டையைக் கிழித்தேன். அந்தச் சத்தமும், தண்ணீர் தொண்டையில் இறங்கிய சத்தமும் அவருக்குக் கேட்டிருக்கும்.

"சரி நைனா," என்று வைத்துவிட்டார்.

திறந்த ஜன்னல் வழியே கரித்தூசு வந்து கொடியில் கிடக்கும் சட்டைமேல் படிகிறது. படியட்டும். பேனா வட்டம் குளித்தால் போய்விடும். கிருமியும் மெல்லச் செத்துப்போகும். அதைச் சந்தித்த வெள்ளையணுக்களில் சில மட்டும், அது செத்த பிறகும் அதை மறக்காதாம். நர்ஸ் சொன்னார்: "மாத்திரை முடிஞ்சப்புறமும் இந்த ஊசிய எப்ப போட்டாலும் வீங்கும் தம்பி."

எப்போது போட்டாலும். இந்த இடத்தில்தான்.